வெள்ளைக்காரன் போன பிறகு பட்டா யார் பேரில்?

(தாம்பரத்தில் மாணவர்கள் கூட்டிய அரங்கில் பேசியதன் எழுத்து வடிவம்)

தோழர்களே, 'காலனியத்துக்குப் பிந்தைய ஆப்பிரிக்கா: அரசியல், பண்பாடு, சுயநிர்ணயம்' என்று தலைப்புக் கொடுத்திருக்கிறீர்கள். ஐம்பது நாடுகளுக்கு மேலே இருக்கிற ஒரு கண்டத்தை ஒரு சாயங்காலத்துக்குள் அடைக்கிற தலைப்பு. நான் அதில் நிலத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அதையும் இங்கிருந்து மின்சார ரயில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் போய்ச் சேருகிற செங்கல்பட்டிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

1891-இல் செங்கல்பட்டு மாவட்டத்தின் பொறுப்புக் கலெக்டராக இருந்த ட்ரெமென்ஹீர், பறையர்களின் நிலைமை பற்றி ஓர் அறிக்கை எழுதி மேலே அனுப்பினார். நம் தாத்தா பாட்டிகளுக்குத் தெரியாத எதையும் அவர் எழுதிவிடவில்லை. ஊரில் தரிசு கிடக்கிறது. சேரிக்காரன் அதைக் கேட்டுத் தர்காஸ்து மனுப் போட்டால் முதல் உரிமை மிராசுதாருக்கு. அவன் உழமாட்டான், அடுத்தவனை உழவும் விடமாட்டான். சேரியில் குடிசை நிற்கிற மனையும் தன்னுடையது என்பான். எதிர்த்து ஒரு வார்த்தை பேசினால், 'குடிசையப் பிரிச்சுக்கிட்டுப் போடா' என்பான். சேரிக்காரன் கையில் ரெண்டு ஏக்கர் வந்துவிட்டால் நாளைக்குப் படியாளாக எவன் வருவான் என்கிற பயம்தான் இத்தனைக்கும் காரணம்.

அந்த அறிக்கையின் பேரில் 1892 செப்டம்பர் 30-இல் அரசாணை 1010 வந்தது. வருவாய்த் துறைக் காகிதத்தில் டி.சி. நிலம். நம் வாயில் பஞ்சமி நிலம். மாகாணம் முழுக்க 12 லட்சம் ஏக்கர் என்பது இயக்கங்கள் தொடர்ந்து சொல்லிவருகிற கணக்கு. தொடர்ந்து வந்த விதிகள்படி, பத்து வருஷத்துக்கு அதை விற்கவோ அடகு வைக்கவோ குத்தகைக்கு விடவோ கூடாது. அதற்குப் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு மட்டுமே விற்கலாம். மீறி வேறு யார் கைக்குப் போனாலும் அந்தக் கைமாற்றம் செல்லாது.

வெள்ளைக்காரனுக்கு நன்றி சொல்ல இதைச் சொல்லவில்லை. மிராசுதாரோடு கூட்டு வைத்து ஒரு நூற்றாண்டு வரி வாங்கித் தின்ற அரசு அது. கொடுத்ததும் தரிசு. அதைக் கொத்தி, கல் பொறுக்கி, விளைநிலமாக்கியது நம் ஜனம்.

இதே செங்கல்பட்டு மாவட்டத்துக் கோழியாளத்தில் பிறந்தவர் இரட்டைமலை சீனிவாசன். 1893-இல் 'பறையன்' என்றே பெயர் வைத்துப் பத்திரிகை தொடங்கியவர். அவர் பிறகு தென்னாப்பிரிக்காவுக்குப் போய் மொழிபெயர்ப்பாளராகப் பல வருஷம் வேலை பார்த்தார். 1921-இல் ஊர் திரும்பினார். 1930-இல் அண்ணலோடு லண்டன் வட்டமேசையில் உட்கார்ந்தார். அவர் ஆப்பிரிக்காவில் இருந்த காலத்தில்தான், 1913-இல், அங்கே பூர்வகுடி நிலச் சட்டம் வந்தது. பெரும்பான்மை மக்களான கறுப்பர்களுக்கு நாட்டில் சுமார் 7 சதவீத நிலம். மற்ற இடத்தில் அவர்கள் காசு கொடுத்துக்கூட வாங்க முடியாது. அதற்கு முன்பே, 1860-லிருந்து, நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலேறியவர்களில் நம்மவர்கள் ஏராளம். இங்கே நிலம் இல்லாதவன் அங்கே பறிக்கப்பட்ட நிலத்தில் கூலியாகப் போய் நின்றான். இதை ஒரு நாள் தனியாகப் பேச வேண்டும்.

இப்போது கென்யா. 1915-ஆம் வருஷத்துச் சட்டம் வெள்ளைக் குடியேறிகளுக்கு 999 வருஷக் குத்தகை கொடுத்தது. ஆயிரத்துக்கு ஒன்று குறைவு. என்ன அடக்கம் பாருங்கள். அந்த மண்ணிலேயே பிறந்த கிக்குயு மக்கள் அதில் ஒண்டிக்கொண்டு கூலி வேலை பார்த்தார்கள், கிபாண்டே என்கிற அடையாளச் சீட்டைத் தகரப் பெட்டியில் போட்டுக் கழுத்தில் மாட்டிக்கொண்டு. 1952-இல் அவசரநிலை வந்தது. காட்டுக்குள் போய்ச் சண்டை போட்டவர்களை உலகம் மாவ் மாவ் என்றது. அவர்கள் தங்களுக்கு வைத்துக்கொண்ட பெயர் நிலம் - விடுதலைப் படை. பெயரிலேயே நிலம் முதலில் வருகிறது. அவர்கள் தளபதி டெடான் கிமாத்தியை 1957-இல் தூக்கில் போட்டார்கள்.

1963 டிசம்பர் 12-இல் கென்யாவில் கொடி மாறியது. நிலம்? வெள்ளைக்காரனிடமிருந்து விலைக்கு வாங்கினார்கள். வாங்குவதற்குப் பிரிட்டனிடமும் உலக வங்கியிடமும் கடன். குடியேற்றத் திட்டத்தில் துண்டு நிலம் கிடைத்த விவசாயி அதற்குத் தவணை கட்ட வேண்டும். பகல் முழுக்கத் தவணைக் கணக்கு பார்க்கிற கிளார்க் நான். திருட்டுப்போன சொந்தச் சட்டையைத் திருடனிடமே தவணைக்கு வாங்குகிற இந்த மாதிரிக் கடனை எந்த லெட்ஜரிலும் பார்த்ததில்லை. பெரிய பண்ணைகள் புதிய ஆட்சியாளர்களுக்கும் அவர்களுக்கு வேண்டியவர்களுக்கும் போயின. காட்டில் சண்டை போட்டவர்களில் பெரும்பாலோர் வெறுங்கையோடு நின்றார்கள். மாவ் மாவ் மீது வெள்ளைக்காரன் போட்ட தடையைச் சுதந்திர கென்யா 2003 வரைக்கும் எடுக்கவில்லை.

கூகி வா தியாங்கோ 1977-இல், இன்னொரு கூகியோடு (கூகி வா மிரீ) சேர்ந்து, கமிரீத்து கிராமத்தில் ஒரு நாடகம் போட்டார். அதுவரை இங்கிலீஷில் எழுதிக்கொண்டிருந்தவர், ஜனங்களோடு உட்கார்ந்து கிக்குயுவில் எழுதினார். விவசாயிகளும் கூலிகளும் நடித்தார்கள். கதை என்ன? ஒன்றரை ஏக்கர் வைத்திருக்கிற ஓர் ஏழைக் குடியானவன். நிலப் பத்திரத்தைச் சுவரில் மாட்டி வைத்திருக்கிறான். பணக்கார முதலாளி குடும்பம் வந்து, சர்ச்சில் முறைப்படி கல்யாணம் செய்துகொள் என்று ஏற்றிவிடுகிறது. பத்திரத்தை வங்கியில் வைத்துக் கடன் வாங்குகிறான். அந்த வங்கியின் இயக்குநர்களில் அந்த முதலாளியும் ஒருத்தர். கடைசியில் நிலம் ஏலத்துக்கு வருகிறது. வாங்குகிறவர் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. சில வாரத்தில் அரசாங்கம் நாடகத்தைத் தடுத்தது. அந்த வருஷக் கடைசி நாள் கூகியைக் கைது செய்து, விசாரணையே இல்லாமல் ஒரு வருஷம் சிறையில் வைத்தது. 1982-இல் மக்கள் கட்டிய அந்தத் திறந்தவெளி அரங்கை இடித்துத் தள்ளியது. இங்கிலீஷில் எழுதியபோது பொறுத்துக்கொண்டவர்கள்தான். பண்பாடு என்றால் ஆட்டம் பாட்டு என்று நினைக்கிறவர்கள் இந்த நாடகத்தைப் பற்றிக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். கூகி 2025 மே மாதம் இறந்துபோனார்.

அந்தக் கதையில் சர்ச்சை எடுத்துவிட்டு, கல்யாணச் செலவை அப்படியே வைத்துப் பாருங்கள். நம் சேரியில் நிலம் போன கதை வந்துவிடும். பெண் கல்யாணத்துக்கு, கரும காரியத்துக்கு, பஞ்சத்தில் ரெண்டு மூட்டை நெல்லுக்கு. கைநாட்டு வைத்தவருக்கு எழுதியிருந்தது என்னவென்று தெரியாது. எழுதியவருக்கும், கணக்கு வைத்திருந்த கர்ணத்துக்கும் நன்றாகத் தெரியும், அந்தக் கைமாற்றம் செல்லாது என்று. கென்யாவில் வெள்ளைக்காரன் பறித்ததைப் புதிய அதிகாரம் தன் பேருக்கு மாற்றிக்கொண்டது. இங்கே வெள்ளைக்காரன் காகிதத்தில் கொடுத்ததை, அவன் இருக்கும்போதும் போன பிறகும், ஊர்க்காரன் மாற்றிக்கொண்டான். 1979-க்குப் பிறகு யு.டி.ஆர். என்று நிலப் பதிவேடுகளை எல்லாம் புதுப்பித்தார்களே, அதில் டி.சி. என்று இருந்த பல இடங்களில் அனுபவத்தில் இருந்தவன் பெயரே ஏறிவிட்டது என்பது நாம் இன்றுவரை சொல்லிவருகிற குற்றச்சாட்டு.

நான் வேலை பார்க்கிற மேசைக்கு வருகிறேன். வீட்டுக் கடன் என்றால் என்ன கேட்போம்? தாய்ப்பத்திரம், பட்டா, 30 வருஷத்து வில்லங்கச் சான்று. வக்கீல் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, உரிமை சுத்தம் என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார். அவர் பொய் சொல்லவில்லை. முப்பது வருஷத்துக்குள் சுத்தம்தான். 1955-இல் வாங்கிய கைநாட்டு அந்த முப்பதுக்குள் வராது. வண்டலூரிலிருந்து கேளம்பாக்கம் வரை வயல் எல்லாம் அடுக்குமாடி ஆகிவிட்டது. எது டி.சி. நிலம் என்று நான் இங்கே நின்றுகொண்டு விரல் நீட்டப் போவதில்லை. தேடுவதை முப்பது வருஷத்தோடு நிறுத்திக்கொண்டால் யாராலும் நீட்ட முடியாது என்கிறேன். மாதத் தவணை கட்டுகிற வாத்தியாருக்கும் ஐ.டி. கம்பெனிப் பையனுக்கும் (அதில் நம் பிள்ளைகளும் உண்டு) தாங்கள் எதன் மேல் படுத்துத் தூங்குகிறோம் என்று தெரியாது.

ஆக, கணக்கை எந்தத் தேதியிலிருந்து ஆரம்பிப்பது? அந்தத் தேதியை யார் குறிப்பது? சுயநிர்ணயம் என்ற பெரிய வார்த்தைக்கு நான் கொடுக்கிற அர்த்தம் இவ்வளவுதான்.

1994-ஆம் வருஷத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஏப்ரலில் தென்னாப்பிரிக்காவில் கறுப்பு மக்கள் முதல் தடவையாக வாக்களித்தார்கள். நவம்பரில் அவர்கள் நாடாளுமன்றம் நில மீட்புச் சட்டம் போட்டது. 1913 ஜூன் 19-க்குப் பிறகு இனவாதச் சட்டங்களால் நிலம் பறிகொடுத்தவர்கள் கேட்கலாம் என்று தேதியையே சட்டத்தில் எழுதினார்கள். இந்த ரெண்டுக்கும் நடுவில், இங்கே, திருப்போரூர் பக்கம் காரணையில் நம் மக்கள் தங்கள் பஞ்சமி நிலத்துக்குள் இறங்கினார்கள். அண்ணல் சிலையை அங்கே நட்டார்கள். போலீஸ் சிலையை அகற்றியது. நியாயம் கேட்டுச் செங்கல்பட்டில் கூடினார்கள். அக்டோபர் 10: துப்பாக்கிச் சூடு. ஜான் தாமஸ், ஏழுமலை என்று ரெண்டு பேர் செத்தார்கள். அவர்கள் கேட்டது 1892-ஆம் வருஷத்துத் தேதி. நூத்திரண்டு வருஷம் பின்னால் போய்க் கணக்குப் பார் என்றார்கள்.

நைரோபி நடுத்தெருவில் கிமாத்திக்கு அரசாங்கம் 2007-இல் வெண்கலச் சிலை வைத்தது. காரணையில் வைத்த சிலை வேறு ஜாதி. அது அந்த நிலத்துக்கு எல்லைக்கல். அதனால்தான் அதை அவ்வளவு அவசரமாகப் பிடுங்கினார்கள்.

தென்னாப்பிரிக்காவைச் சொர்க்கமாகக் காட்டுகிறேன் என்று நினைக்காதீர்கள். 1913-க்கு முன்பே பறிபோனதுதான் அங்கே அதிகம். அதற்கு அந்தச் சட்டத்தில் இடமில்லை. மனுப் போட 1998 கடைசி வரை தவணை கொடுத்தார்கள், சுமார் 80,000 மனுக்கள் வந்தன. நிலத்துக்குப் பதிலாகப் பணத்தை வாங்கிக்கொண்டு போனவர்கள் நிறையப் பேர். இருந்தாலும் ஒரு தேதியை ஒத்துக்கொள்ள வைத்தார்கள். இங்கே என்ன சொல்கிறார்கள்? 'அது வெள்ளைக்காரன் போட்ட உத்தரவு, இப்ப எப்படிச் செல்லும்?' நம் மேல் கேஸ் போட 2024 வரைக்கும் 1860-ஆம் வருஷத்துத் தண்டனைச் சட்டம் செல்லும். அவர்கள் பத்திரம் பதிய 1908-ஆம் வருஷத்துப் பதிவுச் சட்டம் செல்லும். 1892 மட்டும் செல்லாது! இந்த நிபந்தனைகள் செல்லும் என்று உயர் நீதிமன்றத்தில் நீதிபதி சந்துரு 2008-இலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டார். தீர்ப்பு இருக்கிறது. நிலம் வரவில்லை.

அதிகாரம் வந்துவிட்டதே என்பார்கள். தாம்பரம் 2021-இல் மாநகராட்சி ஆனது. 2022-இல் முதல் மேயராக ஒரு தலித் பெண் வந்தார். சந்தோஷம்தான், குறைத்துச் சொல்லமாட்டேன். கானாவின் நக்ருமாவும் முதலில் ஆட்சி, மிச்சம் தானாக வரும் என்று நம்பியவர். 1957-இல் ஆட்சி வந்தது. 1965-இல் நவகாலனியம் பற்றி அவரே புத்தகம் எழுத வேண்டியிருந்தது. மறு வருஷம் ராணுவம் அவரைக் கவிழ்த்தது. மேயர் குப்பை அள்ளச் சொல்லலாம், தண்ணீர் விடச் சொல்லலாம். பட்டா தாசில்தார் கையில்.

மாணவர்களுக்கு ஒரு வேலை சொல்கிறேன். உங்கள் ஊர் அ-பதிவேட்டில் யு.டி.ஆருக்கு முந்தையதன் நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். புதியதையும் கேளுங்கள். ரெண்டையும் பக்கத்தில் வைத்துச் சர்வே எண் சர்வே எண்ணாக ஒப்பிட்டு, எங்கே டி.சி. காணாமல் போயிருக்கிறது என்று குறியுங்கள். 'பதிவேடு சிதிலமடைந்துவிட்டது' என்று பதில் வரும். மேல்முறையீடு போடுங்கள், எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்கும் போங்கள். அதற்கு முன்னால் சேரியில் இருக்கிற வயசான ஆயாக்களிடம் அந்தந்த நிலத்தை என்ன பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அவர்கள் போய்விட்டால் அந்தப் பதிவேட்டுக்கு நகல் கிடையாது. மனு எழுத வராதவர்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில் வாருங்கள், உட்கார்ந்து எழுதுவோம். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு மட்டும் கையோடு கொண்டு வந்துவிடுங்கள்.