மறதி நோயினரைப் பேணும் கல்வி
(நம் சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கல்வி பற்றிப் பேசுமாறு நிர்வாகிகள் எம்மைப் பணித்தனர். யாம் பேசப் புகுவதும் கல்வியே. ஆயின் அது சிறார்க்குரியதன்று. மூப்பெய்திய பெற்றோரைப் பேணுவோர் கற்க வேண்டிய கல்வியாம்.

எம் தந்தையார் கம்பம் பள்ளத்தாக்கில் ஐம்பதாண்டு நெல் விளைத்தவர். முதுமையில் அவரை மறதி பற்றிற்று. நள்ளிரவில் எழுந்து, "மடை திறக்க வேண்டும், மண்வெட்டி எங்கே?" என்பார். "வயலை விற்றுப் பத்தாண்டு ஆயிற்றே" என யாம் திருத்துவோம். அச்செய்தியை அன்றே முதன்முறை கேட்டார்போல் அவர் அழுவார். பிழை கண்டவிடத்துத் திருத்துதல் எம் தொழிற்பழக்கம். அப்பழக்கத்தால் பெற்ற தந்தையை ஓராண்டு காலம் இரவுதோறும் அழச் செய்தோம்.

பின்னர், இந்நோயினரைப் பேணப் பயிற்சி பெற்ற தாதி ஒருவர் வந்தார். அவர் அருகமர்ந்து, "எந்த வயல், ஐயா? எந்த மடையில் தண்ணீர் வரும்?" என்று வினவினார். தந்தையார் வரப்பும் வாய்க்காலுமாக விரித்துரைத்து, மனம் அமைந்து உறங்கினார். தாதி பொய்யொன்றும் கூறினாரல்லர். தந்தையார் உள்ளத்தில் எஞ்சிநின்ற வயலைப் பற்றிக் கேட்டார், அவ்வளவே. எம் புலமை செய்யமாட்டாததை அப்பயிற்சி செய்தது.

நிற்க. வைத்தியர் இதனை டிமென்ஷியா என்பர். இதன் தலையாய வகையை 1906-ஆம் ஆண்டில் அல்ஸைமர் என்னும் ஜெர்மானிய வைத்தியர் விவரித்தார். இது மூளையைச் சிதைக்கும் நோய். மூப்பின் இயல்பும் அன்று, செய்வினையும் அன்று. இந்திய நாட்டில் 60 வயது கடந்தோருள் நூற்றுக்கு ஏழு பேருக்கு மேல், ஏறத்தாழ 88 லட்சம் மக்கள், இந்நோயுற்றிருப்பதாக 2023-இல் வெளியான ஆராய்ச்சி மதிப்பிட்டது. முற்றும் தீர்க்கும் மருந்து இன்னும் இல்லை. எனினும் தைராய்டுக் குறை, வைட்டமின் பி12 குறை முதலியவற்றால் வரும் மறதி சிகிச்சையால் நீங்கக்கூடும். ஆதலின் முதற்கண் வைத்தியரை நாடுதல் கடன்.

மருந்து குறைந்தவிடத்துப் பணிவிடையே மருந்தாகின்றது. அதற்கு அன்பு மட்டும் போதாது, முறையும் வேண்டும். முதியவர் முன்னே வந்து முகங்காட்டிப் பேசுக. ஒரு முறைக்கு ஒரு செய்தியே சொல்லி விடைக்குக் காத்திருக்க. நிமிர்த்தி அமர்த்திச் சிறு கவளமாக ஊட்டுக. திடீரெனக் கலக்கம் மிகுமாயின், அதனை நோயின் மேலேற்றி வாளாவிராது, நீர்த்தாரைத் தொற்று, மலச்சிக்கல், நீர்வேட்கை, வலி ஆகியவை உளவோ எனத் தேர்க. கட்டிலிற் பிணித்தல் வேண்டா.

இக்கல்வி நமக்கு எட்டாததன்று. மலைக்கு அப்பால் கேரளத்தில் 1992-இல் தோன்றிய அல்ஸைமர் சங்கமும், சென்னையில் 1984-இல் நிறுவப்பெற்ற ஸ்கார்ப் நிலையமும் இத்துறையில் உழைத்து வருகின்றன. நம் மாவட்டத்திலோ அரசு மருத்துவக் கல்லூரியே உளது.

"மருமகள் இருக்கக் கூலியாள் எதற்கு?" என்பீர். அம்மருமகள் விடியுமுன் ஜீப்பேறி ஏலத்தோட்டத்திற்குச் செல்கின்றாள். தோட்டத்திலிருந்து மீண்டு சமைத்து, இரவும் விழித்திருக்கின்றாள். அவள் நோயுற்றால் இருவரையும் பேணுவார் யார்? ஒருத்தியின் முதுகில் முழுச்சுமையும் ஏற்றிவிட்டு அதனைக் குலப்பெருமை எனக் கூறுதல் நேர்மையன்று.

ஆதலின் யாம் வேண்டுவது ஒன்று. இவ்வாண்டு விழாச் செலவில் ஒரு பங்கைக் குறைத்து, நம்மூர்ப் பெண்டிர் இருவரையும் ஆடவர் ஒருவரையும் இப்பயிற்சிக்கு அனுப்புவோமாக. பயின்று மீள்வோர்க்குத் தக்க ஊதியமும் அளிப்போமாக. ஆண்டுக்கொரு முறை மைந்தர்க்கும் மருமக்கட்கும் அவர்கள் ஒருநாள் பாடம் நடத்துவாராக. அவ்வகுப்பின் முதல் மாணாக்கராக அமர யாம் ஆயத்தமாயுள்ளோம். எம் தந்தையார் இன்றில்லை. எனினும் கற்க வேண்டியது இன்னும் எஞ்சியுள்ளது.