டிஸ்கஸ் வாங்கும் முன் தண்ணீரைப் பாருங்கள்

சென்னைக் கொளத்தூர் வண்ணமீன் கடைகளில் டிஸ்கஸ் மீனைப் பார்த்து மயங்கி, ஆண்டிமடத்துக்கு வாங்கி வர நினைக்கிறீர்களா? முதலில் வீட்டுத் தண்ணீரைப் பாருங்கள்.

டிஸ்கஸ் அமேசான் மீன். அங்கே தண்ணீர் மென்மையானது, லேசான அமிலத்தன்மை கொண்டது, வெதுவெதுப்பானது. ஆண்டிமடம் இருக்கும் நம் அரியலூரோ சுண்ணாம்புக்கல் மாவட்டம். அதனால் போர் தண்ணீரின் கடினத்தன்மையையும் பிஎச் அளவையும் சோதித்துவிட்டே ஊற்றுங்கள். வளர்ந்த மீன் ஓரளவு கடினநீருக்கும் பழகிக்கொள்ளும். அடிக்கடி தண்ணீரின் தன்மை மாறினால்தான் தாங்காது. வெப்பம் 28 முதல் 30 டிகிரி இருக்கட்டும். மார்கழி இரவுக்கு ஹீட்டர் அவசியம்.

மிஞ்சிய தீனி அழுகினால் அம்மோனியா சேரும். வாரம் இரண்டு முறையாவது கால்வாசித் தண்ணீரை மாற்றுங்கள். ஒற்றை மீன் மிரளும்; ஐந்தாறாக விடுங்கள். தொட்டி பெரிதாக வேண்டும், செலவுதான்!

டிஸ்கஸ் குஞ்சுகள் தாய், தகப்பன் இருவர் உடம்பிலும் சுரக்கும் வழவழப்பைக் கொத்தித் தின்றே முதல் சில வாரங்கள் வளர்கின்றன. தாய் களைத்தால் உடலைச் சிலிர்த்துக் குஞ்சுகளைத் தகப்பனிடம் தள்ளிவிடும். அந்த நாட்களில் தொட்டியருகே கூட்டம் போடாதீர்கள். மிரண்டால் பெற்றோரே குஞ்சுகளைத் தின்றுவிடுவதும் உண்டு.