செவுளியைக் கொன்றது எது?

(மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கூடிய திரைப்படக் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



சினிமாவில் எதார்த்தம் வேண்டும் என்று பேசச் சொன்னீர்கள். எதார்த்தம் என்றால் நம்மாட்கள் உடனே மண்ணு, மாடு, வண்டி, கண்டாங்கிச் சேலை என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். நான் ஒரு சாவிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

'முதல் மரியாதை', 1985. நம்ம அல்லிநகரத்துக்காரர் பாரதிராஜா எடுத்தது. சிவாஜியும் ராதாவும் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். அதே படத்தில் செவுளி என்று ஒருத்தி வருவாள். செருப்புத் தைப்பவரின் மகள். ஊர்ப் பெரியவர் வீட்டுப் பையன் ஒருவன் அவளைக் காதலிக்கிறான். பெரியவரே அந்தக் கல்யாணத்தை நடத்தி வைக்கிறார். அப்புறம் செவுளி கொலையாகிறாள். எதுக்காக? நகைக்காக.

டூரிங் டாக்கீஸ் மணலில் உட்கார்ந்து பார்த்தோம். எங்க தெருப் பொம்பளைகள் அவளுக்காக மூக்கைச் சிந்தி அழுதார்கள். வீட்டுக்கு நடந்து வரும்போது எங்க சின்னம்மா சொன்னது எனக்கு இன்னைக்கும் மறக்கவில்லை. "சக்கிலியப் பிள்ளையக் கட்டிக்கிட்டு வந்தா நகைக்காகவாடா கொல்லுவாய்ங்க?"

இந்த நாற்பது வருசத்தில் நான் படித்த சினிமா விமர்சனங்களில் இதைவிடப் பெரிய கேள்வியைப் பார்த்ததில்லை.

பாரதிராஜாவைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. ஸ்டூடியோவுக்குள் கிடந்த கேமராவை வெயிலுக்குக் கொண்டுவந்தவர் அவர். 'கிழக்கே போகும் ரயில்' (1978) படத்தில் முடி திருத்துபவரின் மகனைக் கதாநாயகன் ஆக்கினார். அன்றைக்கு அது சாதாரண காரியமில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். '16 வயதினிலே' (1977) படத்தில் நாம் 'நம்ம ஊரு' என்று கொண்டாடிய அந்த ஊர், கர்நாடகத்தில் மைசூர், கொள்ளேகாலம் பக்கம் எடுக்கப்பட்டது. அதனால் படம் பொய்யாகிவிடவில்லை. எங்கே எடுத்தால் என்ன? இடத்தில் இல்லை எதார்த்தம். செத்தவள் எதனால் செத்தாள் என்று சொல்கிறாயா, மறைக்கிறாயா, அதில் இருக்கிறது. செவுளியின் சாவில் சாதிக்குப் பதிலாக நகை வந்து உட்கார்ந்துகொண்டது. சாதியைக் கல்யாணத்தோடு தீர்த்துவிட்டு, சாவைத் திருட்டுக் கணக்கில் எழுதியாகிவிட்டது.

இது சினிமாவின் வேலை மட்டுமில்லை. பேப்பரைப் பாருங்கள். 'விஷவாயு தாக்கி மூவர் பலி' என்று போடுவார்கள். விஷவாயு என்ன வீடு தேடி வந்தா தாக்கியது? மலக்குழிக்குள் ஆளை இறக்கியது யார்? கையால் மலம் அள்ள வைப்பதைத் தடுக்க 1993-இல் ஒரு சட்டம், 2013-இல் இன்னொரு சட்டம். அப்புறமும் விஷவாயுதான் குற்றவாளி. திவ்யபாரதி 2017-இல் 'கக்கூஸ்' ஆவணப்படம் எடுத்து, யார் இறக்கினார்கள், ஏன் இந்தச் சாதியை மட்டும் இறக்குகிறார்கள் என்று கேட்டார். படத்தைத் திரையிடவே போலீஸ் பல இடங்களில் அனுமதிக்கவில்லை. அதற்கு முன்னாலேயே, 2003-இல், மதுரையில் ஒரு துப்புரவுத் தொழிலாளிப் பெண்ணின் வேலையை அமுதன் 'பீ' என்ற பெயரிலேயே படமாக்கினார். அந்தப் பெயரை வாய்விட்டுச் சொல்லக் கூசுகிறவர்கள், அந்த வேலையை ஒருத்தி செய்வதைப் பார்த்துக் கூசுவதில்லை.

பெரிய திரையில் இந்தக் கேள்வி வந்து சேர 2018 ஆகிவிட்டது. மாரி செல்வராஜின் 'பரியேறும் பெருமாள்' படத்தில் ஒரு கிழவன் வருவானே, ஆற்றில் ஒரு பையனை அமுக்கிக் கொல்வான், அது மூழ்கிச் செத்த கணக்கு. பஸ்ஸிலிருந்து ஒருத்தனைத் தள்ளிவிடுவான், அது தவறி விழுந்த கணக்கு. ஒரு பெண்ணைத் தொங்கவிடுவான், அது தற்கொலை. பேப்பரில் வருகிற சாவை அப்படியே பின்னால் நடந்து போய், அதன் கை எங்கே இருக்கிறது என்று காட்டிய படம் அது. சின்னம்மாவின் கேள்விக்கு 33 வருசம் கழித்து வந்த பதில்.

'கர்ணன்' (2021) தொடக்கத்தில் வலிப்பு வந்த ஒரு பிள்ளை நடுரோட்டில் கிடந்து சாகிறது. சாவுக்குக் காரணம் வலிப்பு என்று டாக்டர் எழுதலாம். படம் சொல்கிறது: அந்த ஊரில் பஸ் நிற்காது. 1995 கொடியங்குளத்தை நினைவூட்டும் படம் அது. ஆனால் திரையில் போட்ட ஆண்டு பற்றிச் சர்ச்சை வந்து, அந்த வாசகத்தையே மாற்றினார்கள். எந்த வருசம், எந்த ஆட்சி என்பது இவ்வளவு காலம் கழித்தும் சிலருக்குச் சுடுகிறது பாருங்கள்.

சரி, நம்ம பள்ளத்தாக்குக்கு வருவோம். லெனின் பாரதியின் 'மேற்குத் தொடர்ச்சி மலை', அதுவும் 2018தான். ஏலக்காய் மூட்டையைத் தோளில் சுமந்து மலையேறி இறங்கும் ரங்கசாமி. ஒரு துண்டு நிலம் வாங்க ஆயுசையே செலவழிக்கிறான். உரக்கடைக் கடனில் நிலம் போகிறது. கடைசியில் அதே நிலத்தில் நிற்கும் காற்றாலைக்கு அவனே காவலாளி. நிலம் விதியால் போகவில்லை, இன்னாரிடம் பட்ட கடனால் போனது என்று பெயர் சொல்லிக் காட்டுகிறது படம். எனக்கு ஒரு மனக்குறை உண்டு. சுமையையும் நிலத்தையும் இவ்வளவு தெளிவாகப் பார்த்த படம், சாதியை நடுவில் கொண்டுவந்து வைக்கவில்லை. இந்த அடிவாரத்தில் நிலம் இல்லாதவன் யார் என்று கேட்டால் சாதியைச் சொல்லாமல் பதில் சொல்ல முடியுமா? 1989-இல் போடியில் கலவரம் நடந்ததே, ஏலக்காய் விலைக்காகவா நடந்தது?

இன்னொன்று, கோபப்படாதீர்கள். நாம் கொண்டாடுகிற படங்களிலும் பெண்கள் பெரும்பாலும் கதாநாயகனுக்கு ரோசம் வருவதற்காகவே சாகிறார்கள். நாயைக் கொன்றாலும் ரோசம் வருகிறது, தங்கச்சி செத்தாலும் வருகிறது. செத்துப்போகாமல், காலையில் எந்திரிச்சு வேலைக்குப் போகிற பொம்பளையின் கதை எங்கே? செருப்புத் தைத்தவரின் மகளை முழுக்கதையாக எடுக்க நம்மவர்களுக்கே இன்னும் கை வரவில்லை. அருந்ததியர் தெரு நமக்கும் கொஞ்சம் தள்ளித்தான் இருக்கிறது, இல்லையா?

இங்கே கம்பத்திலும் தேவாரத்திலும் போடியிலும் விடியுமுன்னே ஜீப் வந்து நிற்கும். ஏலக்காட்டுக்கு ஆள் ஏற்றும் ஜீப். எத்தனை பேர் ஏறலாம், எத்தனை பேர் ஏறுகிறார்கள் என்று எண்ணிப் பார்த்திருக்கிறீர்களா? கம்பம்மெட்டு ரோட்டிலோ போடிமெட்டு ரோட்டிலோ ஒரு ஜீப் கவிழ்ந்தால், 'ஓட்டுநரின் கட்டுப்பாட்டை இழந்து' என்று மூணு வரி வரும். அப்படிக் கவிழ்ந்த ஒரு ஜீப்பில் சின்னம்மா இருந்தது. இடுப்பு ஒடிந்து, இன்றைக்கும் சாய்ந்துதான் நடக்கும். நேரத்துக்கு ஏறாவிட்டால் அன்றைக்குக் கூலி இல்லை, அதனால்தான் மடியில் ஆள் உட்கார்ந்து போனோம் என்று அது சொன்னதை எழுதிக்கொள்ள யாரும் வரவில்லை. கட்டுப்பாட்டை இழந்தது ஜீப்பாம்.

உங்கள் எல்லார் கையிலும் செல்போன் இருக்கிறது. படம் எடுக்கக் காசில்லை என்று இனிமேல் சொல்ல முடியாது. முதலில் அந்த ஜீப்பில் ஒருநாள் ஏறிப் போய்விட்டு வாருங்கள். அப்புறம் கதை எழுதலாம்.

போன மாதம் சின்னம்மாவிடம் 'பரியேறும் பெருமாள்' கதையைச் சொன்னேன். கிழவன் கதை வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தது.

"அவனப் பிடிச்சாங்களா?"

"இல்ல சின்னம்மா. கடைசியில அவனே தண்டவாளத்துல தலையக் கொடுத்துட்டான்."

கொஞ்ச நேரம் வெத்தலையை மென்றுகொண்டிருந்தது.

"அப்ப அவன் மேலயும் கேசு இல்ல" என்றது.