ரோசாப்பூத்துரை



ஜோசப் என்னும் பெயரைக் கிறித்தவத் தமிழ் யோசேப்பு என்றும் சூசை என்றும் வழங்கும். மதுரைக்கு மேற்கே, உசிலம்பட்டிச் சீமையின் பிறமலைக் கள்ளர்கள் அதனை ‘ரோசாப்பூ’ ஆக்கினர். ரகரமும் மொழிக்கு முதலில் வாராத எழுத்தே. ஆகவே இம்மாற்றத்துக்கு இலக்கணத்தில் விடை தேடிப் பயனில்லை.

ஜார்ஜ் ஜோசப் 1887இல் திருவிதாங்கூரின் செங்கன்னூரில் பிறந்தவர். எடின்பரோவில் தத்துவமும் லண்டனில் சட்டமும் பயின்று, பாரிஸ்டராகத் திரும்பி மதுரையில் வழக்குரைத்தார். 1911ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரைச் சட்டம் கள்ளர்மீது பாய்ந்த காலம் அது. மக்கள் அதனை ரேகைச் சட்டம் என்றனர். களவு செய்தவன் மட்டுமல்லன், அக்குடியில் பிறந்தவன் என்பதற்காகவே ஒருவன் கைரேகை பதிக்க வேண்டும். இரவில் வீட்டை விட்டுக் காவலர் கண்பார்வையில் உறங்க வேண்டும். வெளியூர் செல்லச் சீட்டு வாங்க வேண்டும். மணமான அன்றே மாப்பிள்ளை காவல் நிலையத்துக்குப் படுக்கப் போன கதைகளை அவ்வூர்களில் இன்றும் சொல்வர். 1920 ஏப்ரல் 3இல் பெருங்காமநல்லூர் மக்கள் ரேகை வைக்க மறுத்தனர். துப்பாக்கி பேசியது. மாயக்காள் என்னும் பெண்ணும் ஆடவர் பலரும் மாண்டனர்.

அம்மக்களுக்காக ஜோசப் நீதிமன்றத்தில் வாதாடினார், ஏடுகளில் எழுதினார். ஒத்துழையாமை இயக்கத்தில் தொழிலைத் துறந்து அலகாபாத் சென்று ‘இன்டிபென்டென்ட்’ இதழை நடத்திச் சிறைப்பட்டார். பின்னர் காந்தியடிகளின் ‘யங் இந்தியா’வுக்கும் ஆசிரியரானார்.

1924இல் வைக்கத்தில் முன்னின்றபோது, இது இந்துக்கள் தாமே செய்ய வேண்டிய பணி, நீங்கள் விலகி நில்லுங்கள் என்று காந்தியடிகள் அவருக்கு எழுதினார். அக்கருத்துக்கு நியாயம் இருக்கலாம். ஆயினும் தெருவில் நடக்கும் உரிமைக்குச் சமயம் ஏன் பார்க்க வேண்டும் என்ற வினா எஞ்சவே செய்கிறது. ஜோசப் அங்கும் சிறை புகுந்தார். உசிலம்பட்டிச் சீமையிலோ, வக்கீலய்யா எந்தக் கோயிலுக்குப் போகிறார் என்று பார்த்து யாரும் வழக்கைக் கொடுக்கவில்லை.

இடையில் காங்கிரசோடு பிணங்கி, மீண்டும் இணைந்தார். 1937இல் மத்திய சட்டசபை உறுப்பினரானார். பேச வேண்டிய மன்றம் கிட்டியது, ஆயுள்தான் கிட்டவில்லை. 1938 மார்ச் 5இல், ஐம்பத்தோராவது வயதில், மதுரையில் காலமானார். சென்னை மாகாணத்தில் ரேகைச் சட்டம் 1947இல் நீக்கப்பட்டது. அதற்குள் மேற்குச் சீமையில் ரோசாப்பூ என்று பெயரிடப்பட்ட பிள்ளைகள் பலர் இருந்தனர்.