சுழியோடியின் கத்தி



மன்னார்க் கடலில் முத்துக்குளிப்புச் சிறந்து விளங்கிய நாளிலே கடல்கட்டுவோர் என ஒரு சாரார் இருந்தனர். சுறாமீனின் வாயை மந்திரத்தாற் கட்டுவது அவர்தம் தொழில். அவர்கள் துணையின்றிச் சுழியோடிகள் நீரில் இறங்கத் துணியார். அச்சுழியோடிகள் ஒரே மூச்சில் இறங்கி மீண்டவர்கள். 1943ஆம் ஆண்டிலே பிரான்சு நாட்டவரான ஜாக் கூஸ்தோவும் எமில் கன்யானும் புதிய மூச்சுக்கருவியொன்றை ஆக்கியபின், காற்றுருளையை முதுகிற் சுமந்து நெடுநேரம் கடலடியில் உலாவுதல் மனிதனுக்கு எளிதாயிற்று. இன்றைய சுழியோடி சுறாவினும் மிகுதியாக அஞ்சவேண்டிய பகை ஒன்று உண்டு. அது மீன் அன்று, நூல்.

பருத்தி நூல்வலை கடலில் அறுந்து கிடந்தால் காலப்போக்கில் உக்கிப்போகும். நைலோன் எளிதில் உக்குவதில்லை. நம் நாட்டிற் சட்டம் தடுத்துள்ள தங்கூசி வலையோ நீருக்குள் கண்ணுக்குப் புலப்படுவதும் அரிது. 1942ஆம் ஆண்டு ஏப்பிரல் 9ஆந் திகதி யப்பானிய விமானங்களால் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கடிக்கப்பட்ட ஹேர்மிஸ் போன்ற கலங்களைக் காணச் சுழியோடிகள் விரும்பிச் செல்கின்றனர். மூழ்கிய கலம் மீனுக்குப் புகலிடம். மீன் கூடுமிடத்திலே வலையும் தூண்டிலும் சென்று சிக்குதல் இயல்பே.

சிக்கியவருக்குள்ள அவகாசம் எவ்வளவு? 12 லீற்றர் கொள்ளளவுள்ள உருளையில் வளிமண்டல அமுக்கத்தின் 200 மடங்கு அமுக்கத்திற் காற்றை அடைத்தால், ஏறத்தாழ 2,400 லீற்றர் காற்று கிடைக்கும். கடல்மட்டத்தில் நிமிடத்துக்கு 20 லீற்றர் சுவாசிப்பவர், அமுக்கம் நான்கு மடங்காகும் 30 மீற்றர் ஆழத்தில் 80 லீற்றர் செலவிடுவார். உருளையிற் காற்பங்கே எஞ்சியுள்ள வேளையிற் சிக்கினால், ஏழரை நிமிடமே உண்டு. பதற்றத்தில் மூச்சு இரட்டித்தால் அதுவும் பாதியாகும். மேலெழுவதற்கும் அக்காற்றே வேண்டும். ஆகவே, கையிலுள்ள கருவி ஓர் இழையை எத்துணை விரைவில் அறுக்கும் என்பது உயிர் பற்றிய வினாவாகும்.

சுழியோடியின் கத்தி என்றவுடன், கெண்டைக்காலிற் கட்டிய நீண்ட கூர்வாளே பலர் நினைவுக்கு வரும். அது படைக்கலம் அன்று, அறுக்கும் கருவி. கூர்முனை தன் உடலையும் மூச்சுக்குழாயையும் காற்றங்கியையும் குத்தக்கூடும். முனை மழுங்கிய சிறு கத்தியே சாலச் சிறந்தது. அதன் ஒரு விளிம்பு பல்வைத்ததாயிருப்பின் தடித்த கயிற்றை அறுக்கும்; மறு விளிம்பு வழுவழுப்பாயிருப்பின் மெல்லிய நூலை அறுக்கும்.

ஆயினும் கத்திக்கு ஒரு குறை உண்டு. இழை இறுகி நின்றாலன்றிக் கத்தி நன்கு அறுக்காது. வலையோ நீரிலே தொய்ந்து மிதப்பது. ஒரு கையால் அதனை இழுத்துப் பிடித்து மறு கையால் அறுக்கவேண்டும். ஒரு கை சிக்கிவிட்டால் என் செய்வது? இதற்காகவே கொழுக்கிவெட்டி என்னும் சிறு கருவி உண்டு. அதன் வளைந்த வாயினுள்ளே சவர அலகு போன்ற தகடு பதிந்திருக்கும். இழையை வாயிற் கொளுவி இழுத்தால் அது தானே இறுகி அறுபடும்; ஒரு கையே போதும். விரல் நுழையாத வாயாதலால் காயமும் அரிது. ஆனாற் பருத்த கயிறு அதனுட் புகாது.

தூண்டிலின் உருக்குக் கம்பிக்குக் கத்தியும் கொழுக்கிவெட்டியும் உதவா. மருத்துவ உதவியாளர் காயம்பட்டோரின் உடையை வெட்டக் கையாளும் தடித்த கத்தரிக்கோல் மெல்லிய கம்பியையும் கயிற்றையும் வெட்டும். அதன் முனையும் மழுங்கியது, விலையும் குறைவு. ஆதலின் கொழுக்கிவெட்டி ஒன்றும், கத்தி அல்லது கத்தரிக்கோல் ஒன்றும், ஆக இரண்டு கருவிகளை வைத்திருத்தல் அறிவுடைமையாகும்.

இனி உலோகத்தைப் பார்ப்போம். கடினமான உருக்கு கூர்மையை நெடுநாள் காக்கும். உப்புநீரில் விரைந்து கறள் பிடிக்கும். கறள் எளிதிற் பிடியாத உருக்கு விரைவில் மழுங்கும். தைற்றேனியம் என்னும் உலோகம் கறள் பிடியாது, பாரமும் குறைவு, விலையோ அதிகம். எதனை வாங்கினும் ஒவ்வொரு முறையும் நன்னீரிற் கழுவி, உலர்த்தி, கூரைச் சோதித்தல் வேண்டும். கொழுக்கிவெட்டியின் அலகில் கறள் கண்டால் உடனே மாற்றுக.

கருவியை எங்கே வைப்பது? காலின் வெளிப்புறத்திற் கட்டிய கத்தியே வலையிற் சிக்கக்கூடும். கால் கட்டுண்டபோது அதனை எட்டுவதும் அரிது. மார்பிலோ இடுப்பின் முன்புறத்திலோ, எந்தக் கையாலும் எடுக்கத்தக்கதாய் வைத்தலே நன்று. கை நழுவினும் ஆழத்துக்குப் போகாவண்ணம் சிறு கயிற்றாற் பிணைத்தல் வேண்டும்.

வாங்குமுன் ஒரு சோதனை செய்க. தொய்ந்த நைலோன் இழையொன்றைக் கண்ணை மூடியவாறு ஒரு கையால் அறுத்துப் பாருங்கள், இடக்கையாலும் முயலுங்கள். தரையில் இயலாதது கடலடியில் இயலாது.

சிக்கியவர் திமிறலாகாது, உடலைச் சுழற்றலுமாகாது. திரும்புந்தோறும் வலை மேலும் சுற்றும். அசையாது நின்று, மூச்சை அடக்காமல் மெல்ல விட்டு, துணைவரைக் குறியால் அழைத்தல் வேண்டும். முதுகிலுள்ள உருளையிற் கொளுவிய இழையைத் தாம் காண இயலாது; துணைவர் கண்ணே அங்கு உதவும். அறுக்கும்போது மூச்சுக்குழாய் எது, இழை எது எனத் தொட்டறிந்து, உடலுக்குப் புறம்பாக அறுக்கவேண்டும்.

கடல்கட்டியின் மந்திரம் சுழியோடிக்கு நெஞ்சுறுதி தந்தது. இந்நாளில் அவ்வுறுதியைத் தருவன கூர்மங்காத சிறு கருவி, அதனை எட்டும் கை, அருகில் நிற்கும் துணைவர் ஆகிய மூன்றுமே. இவற்றுள் ஒன்று குறையினும் அன்று கடலில் இறங்காதிருத்தல் நலம்.