அறிவு வளரும் வழி



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் மனிதனுக்கு அறிவு எப்படி வளருகிறது என்பதாகும். வைதிகர்களைக் கேட்டால், அறிவெல்லாம் ஆதியிலேயே ரிஷிகளுக்கும் தீர்க்கதரிசிகளுக்கும் அருளப்பட்டு விட்டது, இனி நமக்குள்ள வேலை அதை மனப்பாடம் செய்வதுதான் என்பார்கள். நம்மிலும் சிலர், பார்த்ததையெல்லாம் குறித்துக்கொண்டே போனால் அறிவு தானாகக் குவிந்துவிடும் என்று நினைக்கிறார்கள். இரண்டும் சரியல்ல என்பதே நமது அபிப்பிராயம். யூகம் செய்து, அந்த யூகத்தைச் சோதித்து, தப்பானதைத் தள்ளுவதினால்தான் அறிவு வளருகிறது. இதற்கு நடந்த சங்கதி ஒன்றைச் சொல்லுகிறோம்.

ஆஸ்திரியா தேசத்து வியன்னா நகரப் பெரிய ஆஸ்பத்திரியில் பிரசவத்திற்கென்று இரண்டு பகுதிகள் இருந்தன. முதல் பகுதியில் டாக்டர்களும் வைத்திய மாணவர்களும், இரண்டாவதில் மருத்துவச்சிகளும் பிரசவம் பார்த்தார்கள். 1846-ஆம் வருஷத்தில் முதல் பகுதியில் 100-க்கு 11 தாய்மார்களுக்கு மேல் செத்தார்கள். பெரும்பாலும் பிரசவ ஜன்னிதான். இரண்டாவது பகுதியில் 100-க்கு 3 பேர்கூட இல்லை. முதல் பகுதி வேண்டவே வேண்டாம் என்று ஏழைப் பெண்கள் மண்டியிட்டுக் கெஞ்சினார்கள்.

காரணம் என்னவென்றால் ஆளுக்கொன்று சொன்னார்கள். ஆகாயத்து விஷக்காற்று என்றனர் சிலர். அங்கே உதவி டாக்டராயிருந்த ஹங்கேரிக்காரர் செம்மல்வைஸ் என்பவர், ‘ஒரே ஊரில், ஒரே ஆஸ்பத்திரியில் அந்தக் காற்று ஒரு பகுதியில் மட்டுமா வீசும்?’ என்று யோசித்தார். ஜன நெருக்கடி என்றார்கள். நெருக்கடியோ இரண்டாவது பகுதியில்தான் அதிகம். படுக்கவைக்கும் விதம் என்றார்கள். அதை மாற்றியும் பார்த்தார், சாவு குறையவில்லை. சாகிறவர்களுக்குச் சடங்கு செய்யப் பாதிரியார் மணியோசையுடன் முதல் பகுதியின் கூடங்கள் வழியே போவதால் பெண்கள் பயந்து சாகிறார்கள் என்றும் சொன்னார்கள். பாதிரியாரை மணியில்லாமல், வேறு வழியாய்ப் போகச் செய்தார். அப்போதும் சாவு குறையவில்லை.

1847-இல் அவருடைய சிநேகிதரான ஒரு டாக்டர், பிணத்தை அறுக்கையில் மாணவன் ஒருவனுடைய கத்தி விரலில் பட்டு, ஜன்னி கண்ட தாய்மார்களைப் போலவே நோய்ப்பட்டு இறந்தார். அதிலிருந்து செம்மல்வைஸுக்குப் புதிய யூகம் உண்டாயிற்று. டாக்டர்களும் மாணவர்களும் பிணத்தை அறுத்த கையோடு பிரசவம் பார்க்க வருகிறார்கள். மருத்துவச்சிகளோ பிணத்தைத் தொடுவதில்லை. எல்லோரும் குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் கை கழுவவேண்டும் என்று உத்தரவிட்டார். 1848-இல் இரண்டு பகுதிகளிலும் சாவு 100-க்கு 1-க்குச் சற்று மேல் என்ற அளவிலே வந்து நின்றது.

தோழர்களே! இத்தோடு உண்மை முடிந்துவிட்டதா? இல்லை. அதே 1847-இல், கர்ப்பப்பையில் புற்றுநோய் கண்டு சீழ் வடிந்த ஒரு பெண்ணைப் பரிசோதித்த பின், வெறும் சோப்பில் கை கழுவிக்கொண்டு மற்றவர்களைத் தொட்டார்கள். அவளோடு பிரசவித்த 12 பேரில் 11 பேர் செத்தார்கள். பிணத்தின் அழுக்கு மட்டும்தான் காரணம் என்ற அவருடைய சொந்த யூகமே அன்று உடைந்தது. உயிருள்ள உடம்பின் அழுகலும் கொல்லும் என்று அதைத் திருத்திக்கொண்டார். அதற்கும் பின் 1879-இல் பாஸ்டர் அந்நோய்க் கிருமியையே காட்டினார். ஆனால் பெரிய டாக்டர்களில் அநேகர், கொன்றது நம் கைதான் என்று ஒப்புக்கொள்ள மனமில்லாமல் செம்மல்வைஸை அலட்சியம் செய்தார்கள். அவர் 1865-இல் பைத்தியக்கார விடுதியில் இறந்தார். பட்டமும் பதவியும் கேள்வியை அடக்கினால் யார் சாகிறார்கள் என்பதை இதிலிருந்து அறியலாம்.

அதே வியன்னாவில் 1902-இல் பிறந்த காரல் பாப்பர் என்பவர் இம்முறையை ஒரு தத்துவமாகவே வகுத்து, 1934-இல் புத்தகமாக வெளியிட்டார். அதை விமரிசனப் பகுத்தறிவு என்று சொல்லலாம். ஆயிரம் காக்கைகள் கறுப்பாயிருந்தாலும் எல்லாக் காக்கையும் கறுப்பு என்று ருஜுவாகாது. ஒரு வெள்ளைக் காக்கை வந்தால் அது பொய்யென்று ருஜுவாகிவிடும். ஆகவே, எது நடந்தால் தன் கொள்கை பொய் என்று சொல்லத் தயாராயிருப்பதுதான் விஞ்ஞானம். வேண்டுதல் பலித்தால் சாமியின் கருணை, பலிக்காவிட்டால் பூர்வஜன்ம கர்மம் என்று இரண்டு பக்கமும் கதவைத் திறந்து வைத்திருப்பது விஞ்ஞானமாகாது.

இதை அமெரிக்கரான தாமஸ் கூன் 1962-இல் ஆட்சேபித்தார். விஞ்ஞானிகள் ஒரு முரண்பாட்டைக் கண்டதும் கொள்கையை விட்டுவிடுவதில்லை என்றார். 1965-இல் லண்டனில் இதுபற்றிப் பெரிய விவாதமே நடந்தது. கூன் சொல்லுவதிலும் நியாயம் உண்டு. யுரேனஸ் கிரகம் நியூட்டன் கணக்குப்படி நடக்காதபோது, பிரெஞ்சுக்காரர் லெவெரியே நியூட்டனைத் தள்ளிவிடவில்லை. கண்ணுக்குப் படாத கிரகம் ஒன்று அதை இழுக்கிறது என்றார். 1846-இல் நெப்டியூன் அகப்பட்டது. புதன் கிரகம் கணக்குத் தவறியபோதும் 1859-இல் அவர் அதேபோன்ற சமாதானமே சொன்னார். தேடினார்கள், அகப்படவில்லை. 1915-இல் ஐன்ஸ்டீன் புதிய கொள்கையால் புதனின் கணக்கைச் சரியாக்கினார். ஒருமுறை பழைய கொள்கை ஜெயித்தது, ஒருமுறை தோற்றது. ஆகவே கொள்கையைச் சற்றுப் பிடித்து நிற்பது குற்றமல்ல. ஆனால் சொல்லும் சமாதானமும் தேடிப் பார்த்துச் சோதிக்கத்தக்கதாய் இருக்கவேண்டும் என்பதே நமது முடிவு.

ஆகவே, தோழர்களே! உங்களிடம் எவர் எதைச் சொன்னாலும், ‘எதைக் கண்டால் இது தப்பென்று ஒப்புக்கொள்ளுவீர்?’ என்று கேளுங்கள். வைதிகரிடம் மாத்திரமல்ல, இந்த மேடையிலிருப்பவர்களிடமும் கேளுங்கள். இந்தக் கேள்வியைக் கேட்க மாணவனுக்கும், பெண்ணுக்கும், தாழ்ந்த ஜாதி என்று ஒதுக்கப்பட்டவனுக்கும் உரிமை இல்லாத சமூகத்தில் தப்புகள் வெளிப்பட வழியில்லை. அறிவும் வளர வழியில்லை. சமத்துவம் வேண்டுமென்று நாம் போராடுவதற்கு இதுவும் ஒரு காரணமாகும். நாம் சொன்னதையும் அப்படியே நம்பிவிடாமல், வீட்டிற்குப் போய் யோசித்து, தப்பிருந்தால் அடுத்த கூட்டத்தில் எழுந்து சொல்லவேண்டுமென்று கேட்டுக்கொண்டு முடித்துக்கொள்ளுகிறோம்.