பழைய தகடும் புதிய தகடும்

(சென்னை நந்தனத்தில் கூடிய ஊராட்சி உறுப்பினர்களிடையே வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



நாம் இன்று கூடியிருக்கும் நந்தனம், 1952-இல் பிறந்த நந்தன ஆண்டின் பெயரைத் தாங்கிய குடியிருப்பு என்பர். அதே 1952-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாளன்றுதான் நம் நாட்டில் சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கப்பெற்றது. நமது வட்டார அலுவலகங்கள் அதன் வழிவந்தவையே. அந்நாளில் சிற்றூர்களில் விளக்கொளியே அரிதாயிருந்தது. இன்றோ கூரைமேல் விழும் வெயிலே விளக்காக மாறுகின்றது. அவ்வெயிலை வீணாக்காமல் பயன்கொள்வது எவ்வாறு என்பதைக் குறித்தே சில சொற்கள் கூற விரும்புகின்றோம்.

2011-ஆம் ஆண்டில் தமிழக அரசு, சூரிய மின்சக்தியுடன் கூடிய பசுமை வீடுகள் திட்டத்தை அறிவித்தது. 300 சதுர அடி வீடும் ஐந்து சூரிய விளக்குகளும் ஏழைக் குடும்பங்களுக்கு அதனால் கிடைத்தன. ஆண்டுகள் சென்றன; குடும்பத்தின் தேவைகளும் வளர்ந்தன. விளக்கு மட்டும் போதாது, மின்விசிறி வேண்டும், தொலைக்காட்சி வேண்டும் என்று பலர் புதிய தகடு வாங்கிப் பழையதோடு இணைத்து வருகின்றனர். சோலார் பேனல் என்று ஊரில் வழங்கும் மின்தகட்டையே இங்குத் தகடு என்கின்றோம். இவ்வாறு இணைப்பதில்தான் பலர் இடறுகின்றனர்.

நாமும் ஒருமுறை இடறினோம் என்பதை மறைக்க விரும்பவில்லை. நமது வட்டாரத்தில் ஒரு குடும்பத்தினர் இரண்டு ஆடுகளை விற்றுப் புதிய தகடு ஒன்று வாங்கினர். "பழையதோடு சேர்த்துக் கட்டிவிடலாமா?" என்று நம்மிடம் கேட்டனர். "தாராளமாகக் கட்டுங்கள், ஒன்றும் ஒன்றும் இரண்டுதானே" என்றோம். ஒரு திங்கள் கழித்து அவ்வீட்டு அம்மையார் வந்து, "ஐயா, மின்விசிறி இரவு எட்டு மணிக்கே நின்றுவிடுகின்றது; ஆடு போனதுதான் மிச்சம்" என்றார். தகடு நல்ல தகடே. நமது கணக்கே பிழை. அதன்பின் இப்பொருளை முறையாகக் கற்றோம். கற்றதைத் தங்கள் முன் வைக்கின்றோம்.

தகடுகளை இணைக்கும் வழிகள் இரண்டு. ஒன்றன் பின் ஒன்றாகக் கோப்பது தொடர் இணைப்பு. இதில் வோல்ட் கூடும். ஆனால் எல்லாத் தகட்டிலும் ஒரே மின்னோட்டமே பாயும். ஒரே நுகத்தில் காளையையும் கன்றையும் பூட்டினால் ஏர் கன்றின் நடைக்கே செல்லும் அன்றோ? மற்றொன்று பக்க இணைப்பு. இதில் ஆம்பியர் கூடும். ஆனால் வோல்ட் எல்லாவற்றிற்கும் ஒன்றாகவே இருக்கும். மேட்டு வாய்க்காலைப் பள்ள வாய்க்காலோடு வெட்டிச் சேர்த்தால் நீர்மட்டம் தாழ்வதைப்போல, உயர்ந்த வோல்ட்டுத் தகடு தாழ்ந்ததன் அளவுக்கு இறங்கிவிடும்.

கணக்கு எளிதாகும்பொருட்டு, பழைய தகடு 100 வாட் என்று கொள்வோம்; அது 18 வோல்ட்டில் 5.5 ஆம்பியர் தரும். புதியது 330 வாட், 37.5 வோல்ட்டில் 8.8 ஆம்பியர் தரும். தனித்தனியே கூட்டினால் 430 வாட். இவ்விரண்டையும் தொடராக இணைத்தால், நல்ல வெயிலிலும் கிடைப்பது ஏறத்தாழ 320 வாட்டே. பக்கமாக இணைத்தால் ஏறத்தாழ 265 வாட்டே. புதிய தகடு தனித்து நின்றாலே 330 வாட் தருமென்பதை எண்ணிப் பாருங்கள்! சேர்த்ததால் வரவு கூடவில்லை, குறைந்தது. நம் அம்மையார் வீட்டில் நேர்ந்தது இதுவே.

இழப்பு மட்டுமன்று, ஊறும் உண்டு. தொடராகக் கோத்தால் இவ்விரு தகடுகளின் உச்ச வோல்ட் 65-ஐத் தாண்டும். 12 வோல்ட் பாட்டரிக்கென வாங்கிய சிறு கன்ட்ரோலர் எரிந்துபோகலாம். பக்கமாகக் கட்டினால் புதியதன் மின்னோட்டம் பழையதற்குள் திரும்பிப் பாய்ந்து அதைச் சூடேற்றலாம்.

ஆயின் பழைய தகட்டை எறிந்துவிட வேண்டுமா? வேண்டியதில்லை. ஒவ்வொரு தகட்டிற்கும் தனித்தனிக் கன்ட்ரோலர் வைத்து, இரண்டையும் ஒரே பாட்டரியில் சேர்க்கலாம். அப்பொழுது ஒன்று மற்றொன்றை இழுக்காது. சிறு இழப்புப் போக 430 வாட்டும் வந்து சேரும். புதிய தகட்டிற்கு எம்.பி.பி.டி. என்னும் வகைக் கன்ட்ரோலரே தேவை. விலை மலிந்த பி.டபிள்யூ.எம். வகை, தகட்டைப் பாட்டரியின் வோல்ட்டுக்கே இறக்கிவிடுமாதலால், 330 வாட் தகடும் 125 வாட் அளவே தரும். கூடுதல் மின்னோட்டத்தைப் பாட்டரி தாங்குமா என்பதையும் முன்னரே பார்த்துக்கொள்ள வேண்டும்.

கன்ட்ரோலர் ஒன்றே உண்டெனில், தகட்டின் பின்புறம் ஒட்டியுள்ள சீட்டைப் படியுங்கள். அதில் வி.எம்.பி. என்பது வேலை வோல்ட், ஐ.எம்.பி. என்பது வேலை ஆம்பியர். வோல்ட் ஒத்திருந்தால் பக்கமாக இணைக்கலாம். வாட் வேறுபட்டாலும் குற்றமில்லை. ஆம்பியர் ஒத்திருந்தால், கன்ட்ரோலரின் உச்ச வோல்ட்டைத் தாண்டாதவாறு, தொடராக இணைக்கலாம். இரண்டும் ஒவ்வாவிடில் பிரித்தே வையுங்கள். மர நிழல் விழும் தகட்டை வெயிலில் நிற்கும் தகட்டோடு தொடராகக் கோக்காதீர்கள். நிழலில் நிற்பது அப்போது கன்றாகிவிடும்.

2024 பிப்ரவரியில் பிரதமரின் சூரிய வீடு திட்டம் தொடங்கப்பட்டபின் கூரைகளில் புதிய தகடுகள் பெருகி வருகின்றன. பழையவற்றின் பக்கத்தில் புதியவை ஏறுவதும் பெருகும். ஆதலின் உறுப்பினர்களுக்கு ஒரு வேண்டுகோள். தங்கள் ஊரில் எவரேனும் புதிய தகடு வாங்கப் புறப்பட்டால், பழைய தகட்டின் சீட்டில் உள்ள எண்களை ஒரு தாளில் எழுதிக்கொண்டு கடைக்குச் செல்லச் சொல்லுங்கள். இணைப்பு வேலையைத் தேர்ந்த வயர்மேனிடம் ஒப்படைக்கச் செய்யுங்கள். இதற்குச் செலவு ஒரு தாள். காப்பாற்றப்படுவது ஒரு குடும்பத்தின் சேமிப்பு.

அந்த அம்மையார் வீட்டில் இரண்டாவது கன்ட்ரோலர் பொருத்தப்பட்டது. இப்பொழுது மின்விசிறி விடியும்வரை சுழல்கின்றது. அவர் இழந்த ஒரு திங்களைத் தங்கள் ஊரில் எவரும் இழக்க வேண்டா என்று கேட்டுக்கொண்டு அமைகின்றோம்.